விடை தெரியாத கேள்விகள்

நான் ஆங்கில ஆசிரியை. ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை வறண்டுபோகும். ஆக்டிவ் வாய்ஸைப் பாசிவ் வாய்ஸாக மாற்றச் சொல்லுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாற்றித் தருவேன். இஃப் கிளாஸ் மூன்று வகையையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து உதாரணம் போடுவேன். ஆனால் போனில் யாராவது ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். ஸ்டாஃப் ரூமில் இதை வெளியே சொல்வதில்லை. சொல்லாவிட்டாலும், ஆங்கிலத்தில் பேசுகிற அதிகாரி யாராவது வந்தால் நாங்கள் ஒருவரை ஒருவர் முன்னே தள்ளிவிடுவதைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

ஒருமுறை பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போயிருந்தோம். ஒவ்வொருவரும் சொந்த ஊரைப் பற்றி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். எல்லோரும் முந்தின இரவே எழுதி, மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தோம். நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. மரவள்ளிக் காடு, சேகோ ஆலை என்று தடையில்லாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் வடக்கே இருந்து வந்தவர். நடுவில் கையைத் தூக்கி, கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எப்படி வருகிறது என்று கேட்டார். சோதிப்பதற்காகக் கேட்கவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே ஆலை. கிழங்கைத் தோல் சீவிக் கழுவி அரைப்பார்கள்; பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிகிற மாவை எடுப்பார்கள்; துணியில் கட்டிக் குலுக்கி உருண்டையாக்கி, சட்டியில் வறுத்துக் களத்தில் கொட்டிக் காயவைப்பார்கள். வெயில் நாளில் எங்கள் தெரு முழுக்க அந்தப் புளிச்ச வாசனைதான். இத்தனையும் கண் முன்னால் நிற்க, வாயில் வந்தது ‘மெஷின்’ மட்டும். “சார், மெஷின்” என்று இன்னொரு தரம் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பி.எட். வரை எத்தனையோ பேர் என்னிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எல்லாமே கேட்டவருக்கு விடை தெரிந்த கேள்விகள். எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாத ஒன்றை ஆங்கிலத்தில் கேட்டவர் இந்த மனிதர் ஒருவர்தான்.

நான் வேலை பார்ப்பது குப்பனூர்ப் பக்கம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுகிற பிரதான சாலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்னொரு சாலை குப்பனூரில் தொடங்கி, கொட்டச்சேடு வழியாக மேலே ஏறுகிறது. அந்தப் பக்கம் மண் சரிந்தால் வண்டிகளெல்லாம் இந்தப் பக்கம் திரும்பும். மே மாதக் கோடை விழாவின்போது பிரதான சாலையில் ஏறவிட்டு, இறங்குகிற வண்டிகளை எங்கள் வழியாக விடுவார்கள். அப்போது கர்நாடகப் பதிவெண் கார்களாக ஊர்ந்து போகும். கொய்யாவும் மாங்காயும் கூறு வைத்து விற்கிற வீட்டுப் பிள்ளைகள் விலை சொல்வார்கள், வழி சொல்வார்கள், “வெரி ஸ்வீட் சார், ஈட் அண்ட் சீ” என்று நறுக்கிக்கூடக் கொடுப்பார்கள். அதே பிள்ளைகள் ஜூன் மாதம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்ததும் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள்.

அந்தப் பூட்டுக்கு ஒரு பரம்பரை உண்டு. 1950களின் தொடக்கத்தில் சென்னை மாகாணப் பள்ளிகளுக்கு ‘ஸ்ட்ரக்சுரல்’ பாடத்திட்டம் வந்தது. வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக வாயில் பழக்க வேண்டும் என்பது அதன் முறை. அதை நடத்த ஆசிரியர்கள் வேண்டுமே? அந்தப் பத்தாண்டின் கடைசியில், தொடக்க நிலையில் ஆங்கிலம் சொல்லித்தரும் 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் இயக்கமே நடந்தது. கொஞ்சம் பேர் கற்றுக்கொண்டு இன்னும் கொஞ்சம் பேருக்குச் சொல்லித்தர, அவர்கள் அடுத்தவர்களுக்குச் சொல்லித்தர என்று உருண்டு பெருத்துக்கொண்டே போகும் என்பதால், பனியையே பார்க்காத ஊரில் அதற்கு ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று பெயர் வைத்தார்கள். என் ஆசிரியையின் ஆசிரியர் அந்தத் தலைமுறை. ‘வாட் இஸ் திஸ்?’ ‘திஸ் இஸ் எ பென்’ என்பது எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. அதே பேனாவைத்தான் நானும் என் வகுப்பில் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அது பேனா என்று அத்தனை பிள்ளைகளுக்கும் கண்ணுக்கு நேரே தெரிகிறது. கேட்கிற எனக்கும் தெரிகிறது. பிறகு யாருக்கு எதற்காகச் சொல்ல வேண்டும்? நாம் கேட்பது பதிலை அல்ல, ஒப்பித்தலை. பிள்ளைகள் இதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஒரு ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்தும் சில நாள் வராமல் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து நின்றான். ஏன் வரவில்லை என்று வழக்கப்படி ஆங்கிலத்தில் கேட்டேன்.

“காப்பி, மிஸ்.”

மலைமேல் பாட்டி வீட்டில், பழம் பறிக்கிற பருவம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரை புத்தகத்தில் படித்திருக்கிறேன். செடியில் பழம் எப்படி இருக்கும், எதைப் பறிப்பார்கள், எதை விடுவார்கள் என்பதெல்லாம் கீழ்நாட்டுக்காரியான எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையில், “ஹவ் டு யூ பிக்?” என்றேன்.

“ரெட் ஒன்லி, மிஸ். கிரீன் நோ.”

“ஒய்?”

“கிரீன்... டேஸ்ட் நோ. ரைட்டர் ஸ்கோல்ட்.”

ரைட்டர் என்றால் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிறவர். அந்த ஒரு சொல் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “நோ மிஸ். லாஸ்ட் டைம் கிரீன் ஆல்ஸோ. ஆல் டேக்.” கடைசிச் சுற்றில் பச்சை, சிவப்பு என்று பார்க்காமல் செடியில் இருப்பதையெல்லாம் உருவிவிடுவார்களாம். அவன் விடவில்லை. “தட் செபரேட் பேக்!” பச்சையைத் தனிச் சாக்கில் கட்டுவார்கள் என்கிறான். “மை கிராண்ட்மதர் மிக்ஸ்” என்றான் மூன்றாமவன். “தட் ஈஸ் சீட்டிங்!” என்று அந்தப் பெண் ஒரு போடு போட்டாள். வகுப்பே சிரித்தது. எந்த வாக்கியத்திலும் இலக்கணம் இல்லை. ஆனால் மூன்று பேர் ஆங்கிலத்தில் சண்டை போட்டார்கள். இத்தனை வருடத்தில் நான் பார்க்காத காட்சி அது.

நான் செய்தது ஒன்றுமில்லை. விடை தெரியாமல் கேட்டேன், அவ்வளவுதான். இதைத் திட்டம் போட்டு நம் பக்கத்திலேயே ஒருவர் செய்து பார்த்திருக்கிறார் என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

அவர் என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அதிகாரியாக இருந்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் பள்ளிகள் சிலவற்றில் அவரும் நண்பர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆங்கில ஆசிரியர்கள் உலகத்தில் இன்றும் அதை ‘பெங்களூர் புராஜெக்ட்’ என்பார்கள். இலக்கணத்தை வரிசை போட்டுப் பாடம் நடத்துவதை அவர்கள் நிறுத்தினார்கள். அதற்குப் பதில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடி. வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லு. வேலை முடிய வேண்டும் என்ற நினைப்பிலேயே பிள்ளைகள் இருப்பார்கள், மொழி அதன் போக்கில் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. 1987-இல் புத்தகமாகவும் வந்தது.

பேச்சு கிளம்ப ஓர் இடைவெளி வேண்டும் என்கிறார் பிரபு. அதில் மூன்று வகை. ஒருவரிடம் இருக்கிற தகவல் இன்னொருவரிடம் இல்லாதது முதல் வகை. இருக்கிற தகவலை வைத்து, இல்லாததை யோசித்துக் கண்டுபிடிப்பது இரண்டாவது. ஒரே விஷயத்தில் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் இருப்பது மூன்றாவது. இவற்றில் யோசிக்கவைக்கிற இரண்டாவது வகைதான் வகுப்பறையில் நன்றாக எடுபடுகிறது என்று அவர் கண்டார். வேலை எவ்வளவு கடினமாக இருக்கலாம் என்பதற்கும் அவரிடம் ஒரு கைக்கணக்கு இருந்தது: வகுப்பில் பாதிப் பேராவது பாதி வேலையையாவது சரியாக முடிக்க வேண்டும். எல்லோரும் எல்லாவற்றையும் முடித்துவிட்டால் அது யோசிக்கத் தேவையில்லாத வேலை.

எங்களுக்கு ரயில் எதற்கு? சேலத்துக்குப் போகிற பஸ் நேரங்களைக் கரும்பலகையில் எழுதினேன். பாட்டிக்குக் காலை எட்டு மணிக்குச் சேலம் ஜி.ஹெச்.சில் சீட்டு வாங்க வேண்டும். எந்த பஸ்ஸில் கூட்டிப்போவாய், ஏன்? கூட்டல் கழித்தல் கணக்காக இருக்கும் என்று நினைத்தேன். பிள்ளைகள் எனக்குப் பாடம் எடுத்தார்கள். இன்ன பஸ் மழை பெய்தால் வராது. “ரெயின் மீன்ஸ் நோ கம், மிஸ்.” இன்னொன்று வரும், ஆனால் சந்தை நாளில் உட்கார இடம் கிடைக்காது, பாட்டியால் நிற்க முடியாது. “கிராண்ட்மதர் நோ ஸ்டாண்டிங்.” முந்தின நாளே போய்ச் சித்தி வீட்டில் தங்கிவிடலாம் என்றாள் ஒரு புத்திசாலி. “நைட் ஸ்டே, மார்னிங் வாக்.” கரும்பலகையில் இருந்த நேரம் மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்த பஸ்ஸை உண்மையாகவே நம்பிப் பிழைக்கிறவர்கள் அவர்கள். நான் கேட்கக் கேட்க, பதில் ஒரு சொல்லிலிருந்து மூன்று சொல்லாக, மூன்றிலிருந்து ஒரு வாக்கியத்துக்குப் பக்கமாக நீண்டது. நான் திருத்தவில்லை. “ஓ, இட் டஸ்ன்ட் கம் வென் இட் ரெயின்ஸ்?” என்று ஆச்சரியப்பட்டு மறுபடி கேட்டேன். அடுத்த தரம் அவர்களில் சிலர் “டஸ்ன்ட் கம்” என்றார்கள்.

எல்லாம் இப்படியே வழுக்கிக்கொண்டு போய்விடவில்லை. முகாம்களில் எங்களுக்குச் சொல்லித்தருவது ‘பேர் வொர்க்’: பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பேசவிடுங்கள். உட்காரவைத்தேன். உடனே வகுப்பு கலகலத்தது, முழுக்க முழுக்கத் தமிழில். நான் பக்கத்தில் போனால் ‘யெஸ், நோ’ என்பார்கள். நகர்ந்தால் நேற்றுப் பார்த்த சினிமா. பிரபு இதையும் யோசித்திருக்கிறார். பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டால் ஒருவர் குறையை மற்றவர் வாங்கிக்கொண்டு, மொழி அரைகுறையாகவே இறுகிப்போகும் என்று நினைத்து, குழுப் பேச்சுக்கு அவர் பெரிதாக இடம் தரவில்லை. வகுப்பு முழுவதும் ஆசிரியரோடு பேசுவதையே விரும்பினார்.

நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி பிடித்தேன். யோசிப்பது தமிழில், பக்கத்தில் இருப்பவரோடு, தாராளமாக. முடிவைச் சொல்வது ஆங்கிலத்தில், வகுப்புக்கு. சொல்கிறவர் ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்டு எழுத, மற்றவர்கள் கையில் ஒரு தாள் இருக்கும். அதில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் இருக்கும். சொல்வது புரியாவிட்டால் கட்டம் காலி. அதனால் கேட்கிறவர்களே “வாட்? அகெய்ன்!” என்று விரட்டுவார்கள். இந்த விரட்டலுக்கு முன்னால் என் அதட்டல் ஒன்றுமே இல்லை. தமிழே வாயில் வரக்கூடாது என்று அபராதம் போடுகிற பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவதில்லை, எதுவுமே பேசுவதில்லை. தமிழில் யோசிக்க விட்டால்தான் ஆங்கிலத்தில் சொல்வதற்கு ஒரு சரக்கு சேருகிறது.

இன்னொரு சங்கதி, சும்மா நிற்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த ஆளுக்குத் தாவுவார், இல்லை தானே சொல்லிவிடுவார். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் திறந்தார்கள். அது தாய்மொழியில் அறிவியல் பாடம் படித்த பிள்ளைகள் கதை. தமிழில் தோன்றுவதை ஆங்கிலச் சொல்லாகத் தேடி எடுக்க வேண்டிய என் பிள்ளைகளுக்கு மூன்று விநாடி எந்த மூலைக்கு? இப்போதெல்லாம் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். வகுப்பில் அமைதி வந்தால் பதறுகிற ஆள் நான்தான்; பிள்ளைகள் பதறுவதில்லை.

உச்சரிப்பைப் பற்றி என்னிடம் அதிகம் கேட்பவர்கள் பெற்றோர்கள். டிவியில் வருகிற மாதிரிப் பேச வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற இங்கிலாந்துப் பேராசிரியர் 2000-இல் எழுதிய புத்தகம் ஒன்று எனக்கு இதில் பெரிய தைரியம் கொடுத்தது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத இருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எந்த ஒலி பிசகினால் பேச்சு உண்மையில் புரியாமல் போகிறது என்று அவர் கணக்கெடுத்தார். ‘திஸ்’ஸில் நாக்கு பல்லுக்கு நடுவே வர வேண்டும் என்று நாம் உயிரை விடுகிறோமே, அது அவர் பட்டியலிலேயே இல்லை. குறுகிய உயிரும் நெடிய உயிரும் மாறிப்போவதுதான் ஆபத்து என்கிறார். ‘ஷிப்’ வேறு, ‘ஷீப்’ வேறு. உலகத்தில் எத்தனையோ நாட்டுக்காரர்கள் இதில் தடுமாறுகிறார்கள். குறில் நெடில் சொல்லியே அரிச்சுவடி படித்த நம் பிள்ளைகளுக்கு இது இலவசம். சொல்லின் தொடக்கத்தில் மெய்யெழுத்தை விழுங்குவதுதான் பெரிய குழப்பம். ஓர் உயிரைக் கூடச் சேர்ப்பது அவ்வளவு மோசமில்லை என்றும் சொல்கிறார். அப்படியானால் எங்கள் ஊர் ‘இஸ்கூல்’ பிழைத்துப்போகும். நமக்கு உதைப்பது வேறு இடத்தில்: வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்துவது என்பது. ‘ஐ வான்ட் டூ டீ’ என்று நான்கையும் ஒரே தட்டில் வைத்துச் சொல்கிறோம். காப்பி கொண்டுவந்துவிட்ட ஆளிடம் ‘டீ’யை அழுத்த வேண்டும், ஒன்றே ஒன்று கொண்டுவந்த ஆளிடம் ‘டூ’வை. வாரத்தில் ஒருநாள் கடைக்காரர், வாடிக்கையாளர் என்று நடித்து இதை மட்டும் பழகுகிறோம். மீதி உச்சரிப்பில் நான் தலையிடுவதில்லை.

ஆனால் பிள்ளைகளின் வாயை அடைப்பது உச்சரிப்போ இலக்கணமோ அல்ல, பக்கத்துப் பெஞ்சின் சிரிப்பு. இதை எனக்குக் காட்டியவர்கள் மலைக் கிராமத்துப் பிள்ளைகள். சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளிகள் பேசுவது தமிழ்தான். இழுப்பும் சில சொற்களும் கீழ்நாட்டிலிருந்து மாறி இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளை தமிழ் வகுப்பில் எழுந்து பேசினால், கீழ்நாட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதனால் மலைப் பிள்ளைகள் தமிழிலேயே வாய் திறப்பதில்லை. ஆங்கிலத்தில் அப்படியில்லை. அது யார் வீட்டுச் சொத்தும் இல்லை, எல்லோருக்கும் ஒரே மாதிரி தடுமாற்றம். காப்பிச் சண்டையில் “தட் ஈஸ் சீட்டிங்” என்று போடு போட்டவள் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்துப் பெண். தமிழில் அவள் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. அதற்கப்புறம் என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்: தப்பாகப் பேசலாம், பேசுகிறவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. ஜோக் சொன்னால் சிரிக்கலாம். மலைத் தமிழுக்கும் அதே சட்டம்.

பேச்சு ஓரளவு வந்த பிறகு அதில் ஓட்டம் வர ஒரு பழைய பயிற்சி இருக்கிறது. கீத் மாரிஸ் என்பவர் 1983-இல் எழுதியது, பால் நேஷன் பரவலாக்கியது. ஒரே கதையை ஒருவரிடம் நான்கு நிமிடத்தில் சொல்ல வேண்டும், இன்னொருவரிடம் மூன்றில், மற்றொருவரிடம் இரண்டில். ஒவ்வொரு தரமும் கேட்பவர் புதியவர் என்பதால் சொல்கிறவருக்கு அலுப்பதில்லை. சொற்கள் ஏற்கெனவே நாக்கில் வந்துவிட்டதால் திக்கல் குறைகிறது. நான்கு நிமிடம் என்பது எங்களுக்கு ஒரு யுகம். இரண்டு, ஒன்றரை, ஒன்று என்று சுருக்கிக்கொண்டோம். மலை உச்சியில் சேர்வராயன் கோவில் திருவிழா மே மாதம் நடக்கும். ஜூனில் பள்ளி திறந்ததும் போனவர்கள் போகாதவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் எங்கள் முதல் கதை. மூன்றாவது ஆளிடம் வரும்போது ‘தென், தென்’ என்ற முட்டல்கள் பாதியாகிவிடும்.

இந்தப் பயிற்சியில் ஒருநாள் பிள்ளைகள் என்னையும் நிறுத்தினார்கள். “மிஸ், நௌ யூ.” கையில் கடிகாரத்தோடு ஒருவன். ஜவ்வரிசி செய்வதைச் சொன்னேன். பாயசத்தில் பார்த்திருக்கிறார்களே ஒழிய, கிழங்கிலிருந்து வருகிறது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அரைத்த பால் தொட்டியில் தெளிவதைச் சொல்லும்போது சொல் கிடைக்காமல் நின்றேன். யாரும் சிரிக்கவில்லை, சட்டம் எனக்கும்தானே. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். “தி மில்க்... ஸ்லீப்ஸ். தி ஃப்ளோர் கோஸ் டௌன்” என்றேன். புரிந்தது. “ஹவ் மெனி டேஸ் ஸ்லீப், மிஸ்?” என்று கேட்டான் முன்வரிசைக்காரன். ஒரு ராத்திரி என்றேன். இரண்டாவது ஆளிடம் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் ஓட்டம் பிடித்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்கிறவருக்குத் தெரிய வேண்டியது ஒன்று என் கையில் இருக்கும்போது, பயத்தைக் கவனிக்க நேரம் கிடைப்பதில்லை.

இதனால் என் பிள்ளைகள் எல்லோரும் சரளமாகப் பேசுகிறார்கள் என்று எழுதினால் அது பொய். வருடம் முழுக்க ஒரு சொல்லும் பேசாமல் போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பையன்கள் முன்னால் பெண்பிள்ளைகள் பேசுவது எட்டாம் வகுப்புக்கு மேல் சட்டென்று குறைகிறது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டால் பேச்சே கிடையாது. ஆங்கிலத் தேர்வின் நூறு மதிப்பெண்ணும் எழுத்துக்குத்தான். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பேசுவதற்கும் கேட்பதற்கும் அக மதிப்பீட்டிலாவது ஓர் இடம் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போக எழுதுகிற ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து பதினொன்று முதல் பதினான்கு நிமிடம் வரை பேசவைத்துப் பார்க்கிறார். நம் பிள்ளை அந்த நாற்காலிக்குப் போகும்போதுதான் வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவர் அவனை ஆங்கிலத்தில் முழுதாகக் கேட்கிறார் என்றால், அதற்கு முன்னால் பத்து வருடம் நாங்கள் என்னதான் செய்துகொண்டிருந்தோம் என்று கேள்வி வரும். பேச்சுக்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்கினால்கூடப் போதும், ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடம் பேச ஆரம்பித்துவிடும்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் வழக்கமாகக் கேட்பார்: “எம்புள்ள எப்பத்தான் டீச்சர் இங்கிலீஷ் பேசும்? எங்க வூட்ல பேச்சுத்தொணைக்குக்கூட இங்கிலீஷ் தெரிஞ்சவங்க ஒருத்தருமில்ல.” முன்பெல்லாம் பேப்பர் படிக்கச் சொல்லுங்கள், டிவியில் செய்தி பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். இப்போது சொல்வது வேறு. “உங்களுக்கு இங்கிலீஷ் வேண்டாம்மா. இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல நடந்ததுல உங்களுக்குத் தெரியாதது எதையாவது தமிழ்லயே கேளுங்க. அது சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதீங்க. அப்புறம் ‘ஏன்’னு இன்னும் ஒரு கேள்வி கேளுங்க.” டீச்சர் ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழிக்கிறார் என்பது போல அவர் பார்ப்பார். தட்டிக்கழிக்கவில்லை. தான் சொல்வதை ஒருவர் கடைசி வரை கேட்பார் என்று வீட்டில் பழகிய பிள்ளைதான், வகுப்பில் நான் இங்கிலீஷில் கேட்டாலும் எழுந்து நிற்கிறது.